மடத்து முத்திரையும் மகாதேவன் வீட்டுச் சம்பந்தமும்

ஹூஸ்டனை அடுத்த சுகர் லேண்டுக்குப் போகிற ஃப்ரீவேயில் பாதி தூரம் போன பிறகுதான், தான் சைபர் செக்யூரிட்டியில் வேலை பார்ப்பது ஸ்வர்ணாவுக்குத் தெரியவந்தது.

சொன்னவன் தம்பி சபரி. காரை ஓட்டிக்கொண்டே, கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிகிற பக்கத்தை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்துவிட்டுச் சொன்னான். முன் சீட்டில் அப்பா கிட்டுசாமி வெள்ளை வேட்டி சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காத. பயோடேட்டால உன்னைப் பத்தி கொஞ்சம் வேற மாதிரி போட்டிருக்கு."

"வேற மாதிரின்னா?"

"சீனியர் ஸ்பெஷலிஸ்ட், செக்யூரிட்டி அண்ட் ஆதென்டிகேஷன்."

"யாரு போட்டது?"

கிட்டுசாமி ஜன்னல் பக்கம் திரும்பி, "இந்த ஊர்ல லாரியெல்லாம் என்ன நீளம் பாரு" என்றார். யார் போட்டது என்பது அதிலேயே விளங்கிவிட்டது.

ஸ்வர்ணாவின் உண்மையான உத்தியோகம் என்ன என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. அவள் ஹூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் கிறிஸ்தவத் துறவிகள் வாழ்ந்த மடங்கள் இருந்தன அல்லவா, அந்த மடங்கள் தங்கள் பத்திரங்களில் மெழுகில் பதித்துத் தொங்கவிட்ட முத்திரைகள்தான் அவளுடைய படிப்பு. எந்த முத்திரையில் என்ன படம், ஏன் அந்தப் படம், யார் அதைப் பார்த்து என்ன புரிந்துகொண்டார்கள். இதை ஆறு வருஷம் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, இப்போது புத்தகமாகவும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கிட்டுசாமியும் முதலில் உண்மையைத்தான் சொன்னார். கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரான சித்தோட்டு மச்சானிடம், "மகள் மடத்து முத்திரையெல்லாம் ஆராய்ச்சி பண்றா" என்றார். மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "படிச்சு முடிச்சா புள்ளை மடத்துலயே சேந்துருமா?" என்று கவலையாகக் கேட்டார். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அடுத்த கல்யாணத்தில் அது 'டாக்குமென்ட் செக்யூரிட்டி' ஆயிற்று. அதற்கடுத்த சீமந்தத்தில் 'ஆதென்டிகேஷன்'. சபரிக்குப் பெண் பார்க்கிற நேரத்தில் அது நன்றாக வளர்ந்து 'சைபர்' வரைக்கும் வந்துவிட்டது.

ஊர் சிரித்ததில் ஸ்வர்ணாவுக்கு வருத்தமில்லை. அப்பா வெட்கப்பட்டதில்தான் வருத்தம். அதுவும் எப்படிப்பட்ட அப்பா. சார்பதிவாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் முத்திரையை மேஜை டிராயரில் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்த மனிதர். முத்திரை என்றால் என்ன என்று அவருக்கே விளங்கவில்லை என்றால், வேறு யாரிடம் போய் இவள் விளக்குவது.

"அக்கா, நீ சும்மா ஆமான்னு தலையாட்டினாப் போதும்," என்று கெஞ்சினான் சபரி. "மகாதேவன் அங்கிள் ஒரு எனர்ஜி கம்பெனில செக்யூரிட்டி ஹெட். சந்தேகப்படறதுதான் அவர் வேலையே. இதுக்கு முன்னாடி ஒரு பையன் முடிக்காத எம்.எஸ்.ஸை முடிச்சதாப் போட்டான், அனுப்பிட்டாரு. இன்னொருத்தன் போட்டோ அஞ்சு வருஷம் பழசு. அதுக்கும் அனுப்பிட்டாரு."

சபரி இப்படிப் பதறுவதற்குக் காரணம் உண்டு. அவனும் மகாதேவனின் மகள் ஓவியாவும் இர்விங்கில் ஒரே அலுவலகக் கட்டடத்தில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வருஷமாகக் காதல். அப்பாக்கள் தாங்களே தேடிக் கண்டுபிடித்த சம்பந்தம் என்றால்தான் ஒப்புக்கொள்வார்கள் என்று தெரிந்து, இருவரும் சேர்ந்து தங்கள் பயோடேட்டாக்களைச் சொந்தக்காரர்களின் கல்யாண வாட்ஸ்அப் குரூப்பில் நழுவவிட்டார்கள். அப்பாக்கள் பொறுக்கிக்கொண்டார்கள். இந்த ரகசியம் ஸ்வர்ணாவுக்கு மட்டும் தெரியும். இன்றைக்கு இந்த வீட்டில் விஷயம் கெட்டால், கெடுவது வெறும் ஜாதகப் பொருத்தம் இல்லை.

"பொய் சொல்ல மாட்டேன்டா," என்றாள் ஸ்வர்ணா.

"அப்ப முடிஞ்சுது."

"முடியாது. கேக்கறதுக்கெல்லாம் உண்மையைத்தான் சொல்வேன். உண்மை எல்லாத்தையும் சொல்வேன்னு சொல்லலை."

அப்பா இப்போதுதான் திரும்பினார். "அதுதான் அம்மிணி சரி," என்றார் திருப்தியாக. "பதிவாபீஸ்ல நாங்களும் கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் சொல்லுவோம்."

மகாதேவன் வீட்டில் வாசலில் ஒரு காமிரா, கராஜில் ஒன்று, ரோஜாச் செடிக்கு நடுவில் ஒன்று. மணியை அழுத்துவதற்கு முன்பே மணி பேசியது. "வாங்க வாங்க. செருப்பை லெஃப்ட் சைடு ரேக்ல விடுங்க." கிட்டுசாமி மணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

உள்ளே போனதும் மகாதேவன் அன்பாகத்தான் இருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். டெக்சாஸுக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் பேச்சில் மண்வாசனை முழுக்கப் போகவில்லை. அவர் மனைவி ஜலஜா தோல் மருத்துவர். சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து, கொள்ளு ரசம் வைத்திருந்தாள். ஓவியா சபரியை முதல்முறை பார்ப்பவளைப் போல் "ஹாய்" என்றாள். கொஞ்சம் கூடுதலாகவே நடித்தாள். ஸ்வர்ணாவின் கணவன் மகிழன் கடலில் எண்ணெய்த் தளத்தில் இரண்டு வார முறை வேலையில் இருப்பதும், அம்மா சாரதா 'செத்தாலும் விமானத்தில் ஏறமாட்டேன்' என்று கோபியிலேயே இருந்துவிட்டதும் முதல் ஐந்து நிமிஷத்தில் பேசி முடிக்கப்பட்டன.

சந்தகை இலைக்கு வந்ததும் மகாதேவன் ஸ்வர்ணா பக்கம் திரும்பினார்.

"நீயும் நம்ம லைன்தானாமா?"

"ஆதென்டிகேஷன், அங்கிள்," என்றாள் ஸ்வர்ணா. "ஒரு டாக்குமென்ட் வந்தா, அது நிஜமா அவங்ககிட்டேருந்துதான் வந்துதா, நடுவுல யாராவது கை வெச்சாங்களா. அதைத்தான் பாக்கறேன்."

"அதுதான் கோர். க்ளையன்ட் யாரு?"

சபரிக்குச் சந்தகை தொண்டையில் நின்றது. ஓவியா தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் தள்ளினாள். முதல்முறை பார்க்கிற பெண் செய்கிற வேலையா அது என்று யாருக்கும் தோன்றவில்லை.

"மெயினா பெனடிக்டைன், அங்கிள். அப்புறம் சிஸ்டர்சியன். அது இதுலேருந்து பிரிஞ்சு வந்தது." இரண்டும் அந்தத் துறவிகளின் சபைகள்.

"ஸ்பின்-ஆஃப்."

"ஆமா அங்கிள். பெரிய கூட்டம் ரூல்ஸை ஒழுங்கா ஃபாலோ பண்றதில்லைன்னு கோவிச்சுட்டுத் தனியாப் போயிட்டாங்க."

"கேள்விப்பட்டதே இல்லையே. குபெர்டினோ பக்கத்துக் கம்பெனியா?"

"யூரோப் அங்கிள். பெனடிக்டைன் இத்தாலில ஆரம்பிச்சது. ரொம்பப் பழைய ஆர்கனைசேஷன். எல்லாரும் கேம்பஸ்லயே தங்கி வேலை பாப்பாங்க. ஒரே மாதிரி கறுப்பு ட்ரெஸ், தலைக்கு ஹூட்."

"ஹூடி போட்டுட்டுத் திரியற கூட்டம் எங்க ஆபீஸ்லயும் இருக்குது."

"ஆனா இவங்க விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுருவாங்க. ஒரு நாளைக்கு எட்டு தடவை எல்லாரும் ஒரே ஹால்ல கூடணும். பாதி நேரம் நின்னுக்கிட்டே."

"எட்டு ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கா? அப்புறம் எப்பத்தான் வேலை பாப்பாங்க?"

"அதுதான் அவங்க முக்கிய வேலையே, அங்கிள்."

"எங்க கம்பெனியும் அப்படித்தான் ஆயிட்டிருக்கு," என்றார் மகாதேவன் வருத்தமாக.

இதற்குப் பிறகு அவர் விடவில்லை. சாவியை யாரிடம் கொடுத்து வைப்பார்கள் என்று கேட்டார். ஒருத்தர் கையில் கொடுப்பதில்லை, ஒரு பெட்டி, அதற்குப் பல பூட்டுகள், ஒவ்வொரு சாவியும் ஒவ்வொருவரிடம், எல்லாரும் வந்தால்தான் திறக்கும், தலைவரே நினைத்தாலும் தனியாகத் திறக்க முடியாது என்றாள் ஸ்வர்ணா. மகாதேவன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இதைத்தானே நான் எங்க சி.இ.ஓ. கிட்ட வருஷக்கணக்காக் கெஞ்சறேன். சரி, அந்தத் தலைவர் போயிட்டார்னா?"

"அவர் பேர்ல இருக்கறதை எல்லார் முன்னாடியும் சுத்தியலால உடைச்சுருவாங்க."

"ஹார்ட்வேரையேவா?"

"ஹார்ட்வேரையே, அங்கிள்."

"ஜலஜா, கேட்டியா? இதுதான் டிசிப்ளின். டூ-ஃபேக்டர் உண்டா?"

"முன்பக்கம் பெருசா ஒண்ணு, பின்பக்கம் சின்னதா இன்னொண்ணு. ரெண்டும் இருந்தா நம்பிக்கை ஜாஸ்தி."

"பயோமெட்ரிக்?"

ஸ்வர்ணாவுக்கு மெழுகின் முதுகில் பதிந்து கிடக்கிற விரல் ரேகைகள் நினைவுக்கு வந்தன. "பின்பக்கம் விரல் ரேகை இருக்கும் அங்கிள். வேணும்னே வெச்சாங்களா, அழுத்தறப்ப தானா விழுந்துச்சான்னு இன்னும் எங்களுக்குள்ள சண்டை."

"இன்சைடர் த்ரெட்?"

"அதை ஏன் கேக்கறீங்க. போலி பண்றவங்கள்ல நிறையப் பேரு உள்ளாளுங்கதான். பழைய டாக்குமென்ட்லேருந்து நிஜத்தைப் பிச்சு, பொய் டாக்குமென்ட்ல ஒட்டிருவாங்க."

இந்த இடத்தில் ஸ்வர்ணா தன்னை மறந்துவிட்டாள் என்றுதான் சொல்லவேண்டும். ஹூஸ்டனில் எத்தனை தமிழ் வீட்டு விருந்துகளுக்குப் போயிருக்கிறாள். "ஹிஸ்டரியா, ஓ நைஸ்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் வடையை எடுக்கத் திரும்பிவிடுவார்கள். ஒரு மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் வேலையைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எதிரே அப்பாவின் முகத்திலும் பெருமை தெரிந்தது. ஆனால் அவர் பெருமைப்பட்டது சைபருக்காக. அதைப் பார்த்ததும் சந்தோஷம் கொஞ்சம் கசந்தது.

"எங்க டீம்ல ஒரு பெரிய போஸ்ட் காலியா இருக்கு," என்றார் மகாதேவன், ஃபோனை எடுத்தபடி. "மண்டே பேசறேன். இரு, லிங்க்ட்இன்ல உன்னை ஆட் பண்ணிக்கறேன்."

லிங்க்ட்இன்னில் ஸ்வர்ணா என்ன என்று போட்டிருக்கிறாள் என்பது சபரிக்குத் தெரியும். கிட்டுசாமிக்குத் தெரியாது. ஆனால் மகன் முகம் போன போக்கைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. பதிவாபீஸ் அனுபவம் சும்மா போகுமா. தேங்காய்ப்பால் ஜாடியை எடுத்து யாருக்கோ ஊற்றப் போகிறவர் மாதிரி எட்டி, மகாதேவனின் ஃபோன்மேல் முக்கால் ஜாடியைக் கவிழ்த்தார்.

"அடடா, கை நழுவிருச்சுங்க."

"பரவால்லண்ணா, வாட்டர்ப்ரூஃப்தான்," என்றார் மகாதேவன். டிஷ்யூவால் துடைத்தார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பிறகு சத்தமாகப் படித்தார். "ஹிஸ்டோரியன். மெடீவல் மொனாஸ்டிக் சீல்ஸ்."

பரிமாறிக்கொண்டிருந்த ஜலஜா கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"மொனாஸ்டிக்னா மடமில்ல?" என்றாள் ஜலஜா.

"மடம்தான் ஆன்ட்டி," என்றாள் ஸ்வர்ணா. "எண்ணூறு வருஷம் முந்தி."

"அப்ப அந்த எட்டு மீட்டிங்?"

"பிரார்த்தனை, ஆன்ட்டி."

ஓவியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்ததும் அதைத் தண்ணீரோடு விழுங்கினாள். மகாதேவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. டிஷ்யூவை நான்காக மடித்து வைத்துவிட்டு, கிட்டுசாமியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, என் லைன்ல ஒரு சர்ட்டிபிகேட் பொய்யுன்னு தெரிஞ்சா, அதோட வந்தது எதையும் நம்பக்கூடாது. இந்தப் பயோடேட்டாவுல வேற என்னென்ன பொய்யுங்க?"

ஸ்வர்ணாவுக்கு, 'நான் ஒரு பொய்யும் சொல்லலையே' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அடுத்த விரல் அப்பா பக்கம்தான் நீளும். விழுங்கிக்கொண்டாள். அதற்குள் சபரி எழுந்து, "நான்தான் அங்கிள் போட்டேன்" என்றான்.

"அவன் இல்லைங்க," என்றார் கிட்டுசாமி. "நான்தானுங்க."

அவர் இலையைப் பார்த்தபடியே பேசினார். "சொந்தக்காரங்ககிட்டச் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. பொய் பத்திரம்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் நானு. இந்தப் புள்ளை என்ன படிக்குதுன்னு எனக்கே வெளங்கலைங்க. வெளங்காததுக்கு நானா ஒரு பேர் வெச்சுட்டேன்."

"வெளங்கலையா?" என்றாள் ஸ்வர்ணா. அவளே எதிர்பாராமல் குரல் உடைந்தது. "உங்க ஆபீஸ்ல பாத்ததுதானப்பா இது. ஸ்கூல் லீவுல உங்க ரூம் பெஞ்சுல உட்கார வெப்பீங்களே. பியூன் கவர்மேல அரக்கை உருக்கி ஊத்துவாரு. நீங்க பித்தளை முத்திரையை எடுத்து அழுத்துவீங்க. நீங்க அழுத்தறப்ப அந்த ரூம்ல எல்லாரும் பேச்சை நிறுத்திருவாங்க. ஏன் நிறுத்தறாங்கன்னு எனக்கு அப்பப் புரியலை. அதைத்தான் இன்னும் தேடிட்டு இருக்கேன்."

கிட்டுசாமி இலையை விட்டுக் கையை எடுத்து டிஷ்யூவால் துடைத்துக்கொண்டார்.

ஸ்வர்ணா தன் ஃபோனில் ஒரு படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பச்சை மெழுகில் ஒரு முத்திரை. இரண்டு முனையும் கூர்மையான, வாதுமைக்கொட்டை வடிவம். நடுவில் ஒரு மண்டபத்துக்குள் மரியாள் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். ஓரத்தைச் சுற்றி லத்தீன் எழுத்துகள். கிட்டுசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு பத்திரத்தைச் சோதிக்கிற மாதிரி, ஃபோனை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, ஒரு ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.

"சுத்தி என்ன எழுதியிருக்குது?"

"எந்த மடத்தோட முத்திரைன்னு."

"நடுவுல கோபுரம், சுத்தி ஆபீஸ் பேரு. நம்ம சீலு மாதிரியே இருக்குது." அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். "அடியில இது யாரு? சின்னதா ஒருத்தன் முட்டி போட்டுட்டு இருக்கறான்."

ஜலஜாவும் எட்டிப் பார்த்தாள். "ஏதாவது தப்புப் பண்ணவனா?"

"இல்லை ஆன்ட்டி. அவர்தான் மடாதிபதி. அந்த இடத்துக்கே தலைவர். இந்த முத்திரையைச் செய்யச் சொன்னதே அவராத்தான் இருக்கும்."

"செய்யச் சொன்ன ஆளு தன்னைப் பெருசாப் போட்டுக்கலாமே."

"அவரோட சொந்தச் சீல்ல அப்படித்தான், கையில கோலோட நேரா நிப்பாரு. ஆனா மொத்த மடத்துக்கும் உள்ள சீல்ல தனக்கு இந்த இடம் போதும்னு சொல்றாரு. மேல இருக்கறதுதான் பெருசு, நான் கீழ உட்கார்ந்து கேக்கறவன்னு. படிக்கத் தெரியாதவனுக்கும் அந்தப் படத்தைப் பாத்தா இது புரியும்."

கிட்டுசாமி அந்தச் சின்ன உருவத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபோனை மகளிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பயோடேட்டா காகிதத்தை எடுத்தார். கலர் பிரிண்ட். மேலே பிள்ளையார் படம் போட்டது. பிள்ளையாரை மட்டும் கவனமாகக் கிழித்துக் கண்ணில் ஒற்றிப் பையில் வைத்துக்கொண்டார். மீதியை நாலாகக் கிழித்து இலையில் போட்டார்.

"எல்லார் முன்னாடியும் உடைக்கோணும்னு சொன்னயே அம்மிணி. உடைச்சாச்சு. ஒரு வெள்ளைத் தாள் குடுங்கம்மா."

ஜலஜா கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தாள். அது ஒரு மருந்துக் கம்பெனி கொடுத்த குறிப்பேட்டுத் தாள். தலைப்பில் அரிப்புக்கான களிம்பின் விளம்பரம் இருந்தது. கிட்டுசாமி அதன்கீழ், பதிவாபீஸ் கையெழுத்தில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார்.

"பெயர், சபரி. உயரம்." நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"அஞ்சு ஒன்பது," என்றான் சபரி, தரையைப் பார்த்து. முந்தைய காகிதத்தில் அஞ்சு பதினொன்று.

"பழக்க வழக்கம்."

"எப்பவாச்சும் ஒரு பியர்."

கிட்டுசாமியின் பேனா ஒரு கணம் நின்றது. இது அவருக்கே புதுச் செய்தி. ஆனாலும் எழுதினார். "சமையல், நன்றாகத் தெரியும்னு போட்டிருந்தோம்."

"முட்டை தெரியும்ப்பா."

"முட்டை தெரியும்," என்று எழுதினார்.

மகாதேவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உதட்டோரம் லேசாக நெகிழ்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஜலஜா, "நம்ம ஓவியா பயோடேட்டாவையும் எடுங்க" என்றாள்.

"அதெதுக்கு?"

"வீணை வாசிப்பாள்னு போட்டிருக்கீங்க."

"வாசிச்சாளே."

"மூணாம் கிளாஸ்ல. போட்டோவுக்கு ஃபில்டர் போட்டது நானு. தோல் டாக்டர் நானே போட்டேன். எழுதிக்குங்கண்ணா."

கிட்டுசாமி தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில், "மணமகள் வீட்டார் திருத்தம்" என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்தார். வீணை, ஃபில்டர் இரண்டும் வரிசையாக ஏறின.

"டாட்," என்றாள் ஓவியா. "ஒன் மோர் திங்."

சபரி கண்ணை மூடிக்கொண்டான்.

"வீ ஆல்ரெடி நோ ஈச் அதர். லைக், டூ இயர்ஸ்."

மகாதேவனுக்கு விஷயம் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அந்த வாட்ஸ்அப் குரூப்ல, அத்தனை பயோடேட்டாவுலயும் சலிச்சு நான்தானே இவனைக் கண்டுபிடிச்சேன்."

"ஐ பின்ட் இட் டு த டாப் ஃபார் யூ, டாட்."

ஒரு பெரிய கம்பெனியின் காவலையே கையில் வைத்திருக்கிற மனிதர். வாசலில் காமிரா, கராஜில் காமிரா, ரோஜாச் செடிக்குள் காமிரா. அவர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "என் வீட்டுக்குள்ளயேவா," என்றார் கடைசியில்.

"இன்சைடர் த்ரெட், அங்கிள்," என்றாள் ஸ்வர்ணா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் மகாதேவனின் தோள்கள் குலுங்கின. கோபம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். ஜலஜா, "சிரிச்சது போதும், பாயசம் ஆறுது" என்று எழுந்து போனாள். சபரி மட்டும் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஓவியா அவன் காலை மேஜைக்கு அடியில் மிதித்த பிறகு திறந்தான்.

கிட்டுசாமி தாளை மறுபடி முன்பக்கம் திருப்பினார். ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார். "அக்கா, ஸ்வர்ணா," என்று எழுதிவிட்டு மகளைப் பார்த்தார். பிறகு அவரே யோசித்து, "மடங்களின் முத்திரைகளை ஆராய்கிறாள். டாக்டர் பட்டம் பெற்றவள்" என்று எழுதி, அதன்கீழ் மட்டும் இரண்டு கோடு இழுத்தார். தன் கையெழுத்தைத் தாளின் அடியில், ஒரு மூலையில், கொசு உட்கார்ந்த மாதிரி போட்டார்.

"ஏனுங்கண்ணா அவ்வளவு சின்னதா?" என்றார் மகாதேவன்.

"என்னோட இடம் இதுதானுங்க," என்றார் கிட்டுசாமி.

ஸ்வர்ணா பாயசக் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டாள். அழுகை வந்ததை யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள். ஜலஜா பேசாமல் ஒரு டிஷ்யூவை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள். மகாதேவன் பேனாவை வாங்கி, தாளின் பின்பக்கத்தில் திருத்தங்களுக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, "டூ-ஃபேக்டர்" என்றார். நிச்சயத்தை ஆவணியில் வைக்கலாமா கார்த்திகையில் வைக்கலாமா என்று பேச்சு போயிற்று.

வாசலில் விடைபெறும்போது மகாதேவன் ஸ்வர்ணாவைத் தனியாக நிறுத்தினார். "அந்தப் போஸ்ட் உனக்குச் சரிப்படாது."

"எனக்கும் வேண்டாம் அங்கிள்."

"ஆனா அந்தப் பல பூட்டுப் பெட்டி இருக்கே, அதோட போட்டோ ஒண்ணு எனக்கு அனுப்பு. சி.இ.ஓ.வுக்குக் காட்டணும். எண்ணூறு வருஷம் முந்தியே மடத்துல வெச்சிருந்தாங்கன்னு சொன்னா வெக்கப்படுவாரு."

திரும்பி வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. சபரி விசிலடித்துக்கொண்டே ஓட்டினான். கிட்டுசாமி லாரிகளைப் பார்க்கவில்லை. மகளுடைய ஃபோனை வாங்கி ஒவ்வொரு முத்திரையாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி, இதில் ஏன் ஒரு கை மட்டும் கோலைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது, இதில் எழுத்து ஏன் தேய்ந்திருக்கிறது, இதை நானாக இருந்தால் பதிவுக்கே எடுத்திருக்க மாட்டேன் என்று பேசிக்கொண்டே வந்தார்.

அவருடைய ஃபோன் அடித்தது. கோபிப் பக்கம் அப்போதுதான் விடிந்திருக்கும். எடுத்தால் சித்தோட்டு மச்சான். அவர் எப்போதும் போல் கத்திப் பேசியதால் ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. சம்பந்தம் முடிந்ததா, பொண்ணு எப்படி, வீடு எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் நினைவு வந்தவராக, "ஆமா, உம்பட மகளுக்கு என்ன வேலைன்னு சொன்னே? சைபரா கியிபரா, என்னமோ சொன்னயே, எம்பட மருமகன் கேக்கறான்" என்றார்.

சபரியின் விசில் நின்றது. ஸ்வர்ணா பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை மச்சான். நான் சொன்னது தப்பு," என்றார் கிட்டுசாமி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மிணி என்னோட வேலையைத்தான் பாக்குது. ஆபீஸ்தான் கொஞ்சம் பழசு."